பிளஸ் டூ முடிக்காத தம்பிக்குக் கல்லூரிக் கதவு திறக்குமா?

கேள்வி: டீச்சர், வணக்கம். எங்கள் ஊர் பாம்பன் பக்கம். தம்பி 2023-ல் அரசுப் பள்ளியில் பத்தாவது பாஸ், 318 மார்க், கணக்கில் 54. பிளஸ் ஒன் சேர்ந்து அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டான், அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. இப்போது அவனுக்கு 18 வயது. விசைப்படகில் ஆளாகப் போகிறான், எஞ்சின் வேலையும் கொஞ்சம் பழகியிருக்கிறான். நான் மண்டபத்தில் நண்டு கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். ராமநாதபுரத்தில் ஒருவர், பரீட்சையே எழுத வேண்டாம், ஆறு மாதத்தில் டெல்லி போர்டு பிளஸ் டூ சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று 35,000 ரூபாய் கேட்டார். 10,000 கொடுத்திருக்கிறோம், தம்பியின் பத்தாவது ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் அவரிடம்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, அதெல்லாம் வேண்டாம், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகவே டிகிரி சேரலாம் என்கிறார். தம்பிக்கு இன்ஜினியரிங் ஆசை. அம்மாவுக்கு அவன் அரசு வேலைக்குப் போக வேண்டும். என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புச் சகோதரி, நீங்கள் கேட்டதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கே அந்த ஆளிடம் போய் மார்க்‌ஷீட்டைத் திரும்ப வாங்குங்கள். 10,000 ரூபாய் வந்தால் வரட்டும், வராவிட்டால் அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒரிஜினல் சான்றிதழ் அடுத்தவர் கையில் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. மீதிப் பணம் வரும்வரைக்கும் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் இந்த ஆட்களின் வழக்கம். அண்ணனையோ மாமாவையோ, ஊரில் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். தரமாட்டேன் என்றால் போலீஸில் எழுதிக் கொடுப்போம் என்று நேராகவே சொல்லுங்கள், பெரும்பாலும் அந்த இடத்திலேயே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படியும் தராமல் தொலைந்துவிட்டது என்று கையை விரித்தால் பயப்பட வேண்டாம், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இரண்டாம் படி வாங்க வழி உண்டு, தம்பி படித்த பள்ளித் தலைமையாசிரியரிடம் போனால் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லிவிடுவார். இதற்கிடையில் தம்பியின் போனில், சான்றிதழ்களைப் பார்க்க உதவும் அரசின் டிஜிலாக்கர் செயலியை இறக்கி, பத்தாவது மார்க்‌ஷீட் அதில் வருகிறதா என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சான்றிதழ் விஷயம். அவர் காட்டிய மாதிரிச் சான்றிதழ் என்று கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே அசோகச் சக்கரம் மாதிரி ஒரு முத்திரை, கீழே ஹாலோகிராம், ஓரத்தில் ஐ.எஸ்.ஓ. சான்று பெற்றது என்று ஒரு வரி, அதற்குக் கீழே சங்கப் பதிவு எண். பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஆனால் ஐ.எஸ்.ஓ. சான்று ஒரு நிறுவனத்தின் நிர்வாக முறைக்குக் கொடுப்பது, பிஸ்கட் கம்பெனியும் வாங்கலாம், அதற்கும் பள்ளிக் கல்வி வாரியத்துக்கான அங்கீகாரத்துக்கும் சம்பந்தமே கிடையாது. சங்கப் பதிவும் அப்படித்தான், நாலு பேர் சேர்ந்து ரசிகர் மன்றத்தைக்கூடப் பதிவு செய்துகொள்ளலாம். பிளஸ் டூ சான்றிதழ் கொடுக்கும் உரிமை மத்திய அரசோ மாநில அரசோ அமைத்த அல்லது அங்கீகரித்த வாரியத்துக்கு மட்டும்தான் உண்டு. சந்தேகம் வந்தால் பார்ப்பதற்கு எளிதான இடம் கோப்சே என்று சொல்லப்படும் பள்ளிக் கல்வி வாரியங்களின் கூட்டமைப்பு, அதன் இணையதளத்தில் உறுப்பு வாரியங்களின் பட்டியல் இருக்கிறது. அதைவிடவும் எளிது, சேர நினைக்கும் கல்லூரி அலுவலகத்துக்கே போன் போட்டு, இந்த போர்டு சான்றிதழை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்பது. உங்களிடம் வந்தவரிடம், சரி அண்ணே, இது டிஜிலாக்கரில் வருமா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

பரீட்சை எழுதாமலே பாஸ் என்று யார் சொன்னாலும், எந்த போர்டின் பெயரைச் சொன்னாலும், அது போலிதான், இதில் இரண்டாவது யோசனைக்கே இடமில்லை. அங்கீகாரம் உள்ள போர்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு வேறு ஆளை வைத்துப் பரீட்சை எழுதச் செய்பவர்களும் இருக்கிறார்கள், அதுவும் குற்றம்தான். கல்லூரியில் சேரும்போது யாரும் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் உண்மைத்தன்மை சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு, சான்றிதழை வழங்கிய வாரியத்துக்கே எழுதிக் கேட்பார்கள். கல்லூரியில் அது தப்பினாலும் வேலைக்குச் சேரும்போது நடக்கும். அன்றைக்கு மாட்டிக்கொள்வது பணம் வாங்கியவர் இல்லை, சான்றிதழைக் கொடுத்த உங்கள் தம்பி. படித்த படிப்பும் போய், வேலையும் போய், வழக்கும் வரும். இந்த வயதிலேயே கடலில் உழைக்கிற பையன், அவனுக்கு இப்படி ஒன்று நடக்கவே கூடாது.

அடுத்தது பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. அவர் சொன்னதில் பொய் இல்லை. பிளஸ் டூ இல்லாதவர்கள் 18 வயதுக்கு மேல் ஒரு நுழைவுப் பாடத்தை முடித்துவிட்டுப் பட்டப்படிப்பில் சேரும் வழி திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களில் இருந்து வந்திருக்கிறது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, நாற்பது வயதில், விட்ட படிப்பைத் தொடர ஆசைப்படும் ஒரு அம்மாவுக்கு அது நல்ல வழி, நானே சேரச் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் ஆசை அரசு வேலை அல்லவா? தமிழ்நாடு அரசின் பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறை 2009 ஆகஸ்டில் 107-ஆம் எண் அரசாணை ஒன்றைப் போட்டது. பத்தாவது, பன்னிரண்டாவது முடித்து அதன் பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம்தான் அரசுப் பணிக்குச் செல்லும் என்பது அதன் சாரம். நடுவில் பிளஸ் டூ படி இல்லாமல் மேலே ஏறினால், டிகிரி கையில் இருந்தும் குரூப் 2-க்கு விண்ணப்பிக்கும்போது தடுக்கி நிற்க வேண்டியிருக்கும். மூன்று வருடம் உட்கார்ந்து படித்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இதைத் தெரிந்துகொண்டு அழுதுகொண்டு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தம்பிக்கு அந்த வழி வேண்டாம்.

சரி, அப்படியானால் எது?

இந்த மாதிரிக் கடிதங்களுக்கு நான் எப்போதும் கடைசியிலிருந்துதான் யோசிப்பேன். எந்தச் சான்றிதழ் சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்டால் ஏமாற்றுகிறவர்தான் முதலில் வந்து நிற்பார். பையன் கடைசியில் எந்த வாசலுக்குள் நுழைய வேண்டும், அந்த வாசலில் என்ன காகிதம் கேட்பார்கள் என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். தம்பிக்கு இன்ஜினியரிங் ஆசை, எஞ்சினில் கை வைத்துப் பழகியவன், பத்தாவது நல்லபடியாகப் பாஸ். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றுவது பாலிடெக்னிக். நீங்கள் மூவரும் பிளஸ் டூவையே நினைத்துக்கொண்டிருப்பதால் அது கண்ணில் படவில்லை என்று நினைக்கிறேன்.

பாலிடெக்னிக் மூன்று வருட டிப்ளமோவுக்குப் பத்தாவது பாஸ் போதும். இடையில் விட்ட வருடங்கள் ஒரு தடையே இல்லை. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தால் நேரடி இரண்டாம் ஆண்டாக பி.இ. சேரலாம், அதற்குத் தனிக் கலந்தாய்வு இருக்கிறது, பல ஆண்டுகள் நம் பக்கத்துக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரிதான் அதை நடத்தி வந்தது. மூன்றும் மூன்றும் ஆறு வருடம். பிளஸ் டூ முடித்து பி.இ. போகிறவனுக்கும் இரண்டும் நாலும் ஆறுதான், ஒரு வருடம்கூட நஷ்டம் இல்லை. இதில் பெரிய நன்மை என்னவென்றால், நடுவில் மூன்று வருடத்தில் நிறுத்த வேண்டி வந்தாலும் கையில் வேலைக்கு உதவும் ஒரு டிப்ளமோ இருக்கும், ஜூனியர் இன்ஜினியர், டெக்னீஷியன் என்று டிப்ளமோவையே தகுதியாகக் கேட்கும் அரசு, பொதுத்துறை வேலைகளும் இருக்கின்றன, அம்மாவின் ஆசைக்கும் இது ஒத்து வரும். பிளஸ் டூவை மட்டும் முடித்துவிட்டு நின்றவனுக்கு அந்த வசதி கிடையாது. பி.இ. என்று வரும்போது ராமநாதபுரத்திலேயே, புல்லங்குடியில், அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது, கீழக்கரையும் தூரமில்லை, வீட்டை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பணம் எப்படி என்று அடுத்து கேட்பீர்கள். தம்பி ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ சேர்ந்ததும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் வங்கிக் கணக்குக்கு வர வாய்ப்பு உண்டு. பெண் பிள்ளைகளுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் மாதிரியே பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கியது அது. கல்லூரி அலுவலகத்தில், பள்ளியில் தம்பிக்குக் கொடுத்த எமிஸ் என்னும் மாணவர் பதிவு எண்ணைக் கேட்பார்கள், தலைமையாசிரியரிடம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீனவர் நலவாரியத்தில் அப்பா உறுப்பினராக இருந்தால் பிள்ளைகள் படிப்புக்கு அதிலும் உதவித்தொகை உண்டு, ஐடிஐ, பாலிடெக்னிக் இரண்டுக்கும் சேர்த்துத்தான். மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள், கேட்காமல் யாரும் வந்து கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் மீன் விற்றதில் தன் பங்காகத் தம்பி கொண்டுவரும் பணம் நின்றால் வீடு என்ன ஆகும்? கடிதத்தில் நீங்கள் அதை எழுதவில்லை, எழுதாததாலேயே அதுதான் உங்கள் மனதில் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. நம் பக்கம் விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் போகும், திங்கள், புதன், சனி. காலையில் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலில் இறங்கினால் மறுநாள் காலையில் கரை. பாலிடெக்னிக் போனால் திங்களும் புதனும் கண்டிப்பாகப் போகாது. சனிக்கிழமை லீவு விடும் கல்லூரியாக இருந்தால் அந்த ஒரு இறக்கம் மட்டும் போய்வரலாம், ஞாயிறு பகல் தூங்கி எழுந்து திங்கள் வகுப்புக்குப் போகலாம். இப்போது வருவதில் மூன்றில் ஒரு பங்காவது கைக்கு வரும். அதோடு மாதம் 1,000. இரண்டையும் கூட்டிப் பார்த்து, உங்கள் சம்பளத்தோடு வீடு ஓடுமா என்று ஒரு ராத்திரி மூவரும் உட்கார்ந்து காகிதத்தில் எழுதிப் பாருங்கள். படகுக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், பல வீட்டில் பையனைப் படிக்கப் போகவிடாமல் பிடித்து வைப்பது அந்த முன்பணம்தான்.

கணக்குப் போட்டு, முடியவே முடியாது, மூன்று நாளும் கடலுக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்று வந்தால், அப்போது என்.ஐ.ஓ.எஸ். பக்கம் திரும்பலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் 1989-லிருந்து நடக்கிறது. உங்களிடம் வந்தவர் விற்கிற டெல்லி போர்டு வேறு, இது வேறு, இதற்கு உண்மையாகவே உட்கார்ந்து படித்துப் பரீட்சை எழுத வேண்டும். பத்தாவது பாஸ் செய்தவர்கள் சீனியர் செகண்டரியில் சேரலாம். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதம் வந்தால் பாஸ். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருடம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு, ஒரே மூச்சில் ஐந்தையும் எழுத வேண்டியதில்லை, இரண்டு இப்போது, மூன்று அடுத்த முறை என்று எழுதலாம். படகில் போகிற பையனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பரீட்சை வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-நவம்பர் ஒன்று. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நமக்கு மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலில் இறங்காது. ஏப்ரல்-மே பரீட்சையில் பெரும்பகுதி அதற்குள்தான் வரும். அதனால் தம்பி எழுதுவதாக இருந்தால் ஏப்ரல் பரீட்சையைத்தான் குறிவைக்க வேண்டும், மழையும் காற்றும் அடிக்கும் ஐப்பசியில் வேண்டாம்.

மற்ற மாதங்களில் படிப்புக்கு நேரம் எங்கே என்றால், செவ்வாய், வியாழன் காலை கரைக்கு வந்து மீனைப் பிரித்துக் கொடுத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் சாயங்காலம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை முழுதாக இருக்கிறது. அந்த வெள்ளியை வலைக்கும் எஞ்சினுக்கும் கொடுக்காமல் புத்தகத்துக்குக் கொடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஒப்படைவு என்று வீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியதும் உண்டு, அதற்கு 20 சதவீத மதிப்பெண், அதை அலட்சியமாக விடுகிறவர்கள்தான் நாலு மார்க்கில் தோற்கிறார்கள்.

ஆனால் இன்ஜினியரிங் ஆசைக்கு என்.ஐ.ஓ.எஸ். என்றால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் எடுக்க வேண்டும். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. எளிதான பாடமாகப் பார்த்து ஐந்து எடுத்து பாஸ் செய்துவிட்டு, பிறகு பி.இ. விண்ணப்பத்தில் கணிதம் எங்கே என்று கேட்கும்போது முழிக்கிறார்கள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் செய்முறைத் தேர்வு உண்டு, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போக வேண்டும். அதோடு தம்பி தமிழ்வழியில் படித்தவன் என்றால் மொழி ஒரு பெரிய தடையாக வரலாம். பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். என்.ஐ.ஓ.எஸ். இணையதளத்தில் எல்லாப் பாடப்புத்தகமும் இலவசமாக இறக்கலாம், பன்னிரண்டாவது கணிதத்தில் ஒரு பாடத்தை இறக்கித் தம்பியிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். புரிகிறது, கஷ்டப்பட்டாவது போட்டுவிடுவேன் என்றால் சரி. முதல் பக்கத்திலேயே மூடி வைத்தான் என்றால் அவனைத் திட்ட வேண்டாம், யாரும் சொல்லித்தராமல் பிளஸ் டூ கணிதம் படிப்பது யாருக்குமே கடினம், அப்போது இது அவனுக்கான வழி இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் பாலிடெக்னிக்கை முதலில் சொன்னதற்கும் அதுதான் காரணம், அங்கே கணக்கைச் சொல்லித்தர எதிரில் ஓர் ஆசிரியர் நிற்பார்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-லிருந்தும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம் போன்ற படிப்புகளில் 2021-லிருந்தும் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீடு, ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான். பிளஸ் டூவை என்.ஐ.ஓ.எஸ்.ஸில் முடித்தால் அது கிடையாது, கல்லூரிக்குப் போகும்போது தமிழ்ப் புதல்வனும் கேள்விக்குறிதான். ஏற்கெனவே பத்தாவதோடு நின்றவனுக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்குச் சொல்கிறேன், பிளஸ் ஒன்னில் பையன் இரண்டு பாடத்தில் தோற்றான் என்பதற்காக அவசரப்பட்டு டி.சி. வாங்கிக்கொண்டு திறந்தநிலைப் பள்ளிக்கு மாற்றாதீர்கள். பிளஸ் ஒன் பொதுத்தேர்வே 2025-26 கல்வியாண்டிலிருந்து கிடையாது. பன்னிரண்டாவதில் தோற்றாலும் தோற்ற பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதி அதே வருடம் கல்லூரி சேரலாம். வயது ஏறிவிட்டது, சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காகவும் பள்ளியை விட வேண்டாம், தலைமையாசிரியர் மனது வைத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் தம்பியிடமும் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள், பழைய பள்ளிக்கே போகிறாயா என்று. போகிறேன் என்றால் அதைவிட நல்லது வேறில்லை.

ஐடிஐ பற்றியும் ஒரு வார்த்தை. பாலிடெக்னிக் பாடம் பாரம் என்று தம்பி பயந்தால், பரமக்குடி அரசு ஐடிஐ மாதிரி ஓரிடத்தில் ஃபிட்டரோ டீசல் மெக்கானிக்கோ சேரலாம். படிப்பு இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு, தமிழ்ப் புதல்வனும் உண்டு. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவன் பன்னிரண்டாவதின் தமிழ், ஆங்கிலம் இரண்டை மட்டும் தனியாக எழுதி பாஸ் செய்தால் அது பிளஸ் டூவுக்கு இணை என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருக்கிறது, இது நம் ஊரில் பலருக்கும் தெரியாது. ஐடிஐ முடித்து பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டும் சேரலாம். சுற்று வழிதான், இரண்டு, இரண்டு, மூன்று என்று பி.இ. வரைக்கும் ஏழு வருடம். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

கடலையே விட வேண்டாம் என்று அவன் நினைத்தால் சிஃப்நெட் என்னும் மத்திய அரசின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, கொச்சியில் தலைமையகம், சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளை. அங்கே படகு ஓட்டுநர், மரைன் ஃபிட்டர் என்று இரண்டு வருடப் படிப்பு, பத்தாவதில் கணக்கு, அறிவியலில் 40 சதவீதம் போதும், தம்பிக்குக் கணக்கில் 54 இருக்கிறது. வயது வரம்பு உண்டு, தம்பிக்கு இப்போதே 18 என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது, நினைத்தால் இந்த வருடமே விண்ணப்பிக்க வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்த வழி, எஞ்சினை ஏற்கெனவே தெரிந்த பையன் முதல் நாளிலிருந்தே மற்றவர்களுக்கு முன்னால் நிற்பான். ஆனால் வீட்டை விட்டுப் போக வேண்டும், அப்பா இருக்கும் நிலையில் முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இன்ஜினியரிங் வேண்டாம், ஏதோ ஒரு டிகிரி வாங்கி டி.என்.பி.எஸ்.சி. எழுதட்டும் என்று அம்மா பக்கம் முடிவானால், தமிழ்நாடு பாடத்திட்டத்திலேயே தனித்தேர்வராகப் பன்னிரண்டாவது எழுதுவது நல்லது. புத்தகம் தமிழில், பழைய வினாத்தாள் எங்கும் கிடைக்கும், நாளைக்கு எந்த அலுவலகத்திலும் இது எந்த போர்டு, இணைச் சான்று எங்கே என்று கேள்வி வராது. வணிகவியல், வரலாறு, பொருளியல் என்று செய்முறை இல்லாத தொகுதியாக எடுத்துக்கொண்டு, பிறகு ராமேஸ்வரம் அப்துல் கலாம் அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.ஏ.வோ பி.காம்.மோ சேரலாம், வீட்டிலிருந்தே போய்வரும் தூரம். ஒரே ஒரு எச்சரிக்கை, தனித்தேர்வராகத் தமிழில் எழுதியதை வைத்துத் தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள், அதற்குப் பள்ளியில் சேர்ந்து தமிழ்வழியில் படித்த சான்று கேட்பார்கள். என்.ஐ.ஓ.எஸ். வழியாகவே வந்தால் மார்க்‌ஷீட்டோடு மைக்ரேஷன் சான்றிதழும் வரும், அதைப் பத்திரமாக வையுங்கள், அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் மாவட்டக் கல்லூரிகளில் வேறு போர்டிலிருந்து வருகிறவர்களிடம் அதைக் கேட்பார்கள். மொழிப்பாடமாகத் தமிழை விட்டுவிடாதீர்கள்.

மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கும் ஒரு தாய், மகளின் இலங்கை ஏ.எல்., அதாவது நம் பிளஸ் டூ மாதிரியான சான்றிதழ், இங்கே செல்லுமா என்று இதே வாரத்தில் கேட்டிருக்கிறார். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழுக்கு இணைச் சான்று வாங்க வேண்டும், கல்லூரி எதுவானாலும் முதலில் கேட்பது அதைத்தான். அவருக்கு விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பாலிடெக்னிக், ஐடிஐ விண்ணப்பங்கள் மே, ஜூனில்தான் வரும். தம்பி கரையில் சும்மா இருக்கும் மாதமும் அதுதான், ஜூன் பாதியில் தடை முடிந்து படகு இறங்கும்போது எல்லோரும் ஆள் தேடி வருவார்கள், கையில் முன்பணத்தோடு வருவார்கள். அதற்கு முன்னால் விண்ணப்பம் போட்டு, கல்லூரியில் இடம் வாங்கி, கட்டணமும் கட்டி முடித்திருக்க வேண்டும். மார்க்‌ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆறும் ஒரே பையில் இருக்கட்டும். பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றதால் டி.சி. இன்னும் பள்ளியிலேயே இருக்கும், அதை ஏப்ரலிலேயே போய் வாங்கிவிடுங்கள், மே மாதம் அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். மார்க்‌ஷீட் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், இரண்டாம் படிக்கான விண்ணப்பத்தை நாம் சேர்ந்தே நிரப்பலாம்.